ஆடி முடித்த ஆட்டத்தை எதைக் கொண்டு அலசுவது?

சென்னையில் நீண்ட நேரம் ஆடும் ஒரு கிளாசிக்கல் செஸ் ரேட்டிங் போட்டியை முடித்துவிட்டு வீடு திரும்பும் மாணவரிடம், கோப்பை இருக்கிறதோ இல்லையோ, நகர்வுகளை எழுதிய தாள்கள் நிச்சயம் இருக்கும். அந்தத் தாள்களை அடுத்து என்ன செய்வது என்பதில்தான் மாணவரும் பெற்றோரும் குழம்புகிறார்கள். செஸ்.காம் தளத்தில் சந்தா கட்டுவதா, கட்டணமே இல்லாத லிச்செஸ் தளம் போதுமா, வீட்டுக் கணினியில் நகர்வுகளைக் கணக்கிடும் நிரலான ஸ்டாக்ஃபிஷ் என்ஜினை நிறுவி நாமே அலசுவதா, அல்லது அந்தப் பணத்தைப் பயிற்சியாளருக்குக் கொடுத்து ஆட்டத்தைப் பார்க்கச் சொல்வதா என்பது பல வீடுகளில் எழும் கேள்வி. இந்த நான்கில் முதல் மூன்றும், என்ஜின் போடும் ஒரே வகைக் கணக்கை மூன்று விதமாக நமக்குச் சொல்பவை. அந்தக் கணக்கு என்னவென்று தெரியாமல் எதைத் தேர்ந்தெடுத்தாலும், திரையில் தெரியும் வண்ணங்களையும் குறிகளையும் பார்த்து மகிழ்வதும் வருந்துவதும் மட்டுமே மிஞ்சும் என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

என்ஜின் எந்த நகர்வுக்கும் நேரடியாக மதிப்பெண் போடுவதில்லை. அது மதிப்பிடுவது நிலையை. ஒரு நிலையிலிருந்து இரு தரப்பும் ஆடக்கூடிய வரிசைகளைப் பல நகர்வுகள் ஆழத்துக்குத் தேடி, தேடல் நிற்கும் இடத்தில் உள்ள நிலையை எடைபோட்டு, இரு தரப்பும் தத்தமக்குச் சிறந்ததையே ஆடினால் இறுதியில் எஞ்சுவது என்ன என்பதை ஓர் எண்ணாகத் தருகிறது. வெள்ளைக்குச் சாதகமென்றால் கூட்டல் குறி, கறுப்புக்குச் சாதகமென்றால் கழித்தல் குறி. ஒரு சிப்பாயின் மதிப்பை நூறாகப் பிரித்த அலகுக்குச் சென்டிபான் என்று பெயர். நகர்வின் தரம் என்று நாம் காண்பது, அந்த நகர்வுக்கு முன்பிருந்த எண்ணுக்கும் பின்பு வந்த எண்ணுக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே. ஆகவே எந்த நகர்வாலும் நிலையை என்ஜினின் கணக்குக்கு மேலே உயர்த்த முடியாது. மிகச் சிறந்த நகர்வு இருந்ததைக் காப்பாற்றும், மற்றவை கொஞ்சமோ நிறையவோ இழக்கும். ஒரு நகர்வுக்குப் பிறகு எண் உயர்ந்தால், முன்பு போட்ட கணக்கு போதிய ஆழத்தில் இல்லை என்றே பொருள்.

அந்த எண்ணின் பொருளும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. ஸ்டாக்ஃபிஷ் 2008-இல் தொடங்கியபோது, சிப்பாய் அமைப்பு, ராஜாவின் பாதுகாப்பு, காய்களின் நடமாட்டம் போன்றவற்றுக்கு மனிதர்கள் எழுதி வைத்த விதிகளைக் கொண்டே நிலையை எடைபோட்டது. 2020 செப்டம்பரில் வந்த 12-ஆம் பதிப்பில், ஷோகி எனும் ஜப்பானியச் சதுரங்கத்துக்காக யூ நாசு உருவாக்கிய, நிலைகளிலிருந்து தானே கற்றுக்கொள்ளும் சிறு நரம்பு வலையமைப்பு முறை சேர்க்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் வெளியான 16.1 பதிப்பில் பழைய விதிகள் முழுவதுமாக நீக்கப்பட்டன. இடையில் 2022 டிசம்பரில் வந்த 15.1 பதிப்பு இன்னொரு மாற்றத்தைச் செய்தது. அதன்படி +1.00 என்பது ஒரு சிப்பாய் அதிகம் என்பதைக் குறிக்காது. சம வலிமையுள்ள இன்னொரு ஸ்டாக்ஃபிஷோடு ஆடினால் வெல்லும் வாய்ப்பு 50 விழுக்காடு என்பதையே குறிக்கும். பழைய நூல்களிலும் காணொளிகளிலும் வரும் எண்களை இன்றைய எண்களோடு ஒப்பிடும்போது இதை மறந்துவிடக் கூடாது.

இந்த எண்ணை அப்படியே வைத்து நகர்வுகளைத் தரம் பிரிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ராணி ஒன்று கூடுதலாக வைத்திருப்பவர் இன்னும் ஒரு பிஷப்பை இழந்தாலும் வெல்வார். சமநிலையில் இருப்பவர் பிஷப்பை இழந்தால் தோற்பார். இழந்த சென்டிபான் இரண்டிலும் ஒன்றே. இதைச் சரிசெய்யத்தான் இன்றைய தளங்கள் எண்ணை வெற்றி வாய்ப்பாக மாற்றிவிட்டு, வாய்ப்பில் ஏற்பட்ட சரிவைக் கொண்டு நகர்வை எடைபோடுகின்றன.

லிச்செஸ் தளத்தின் சிறப்பு, இந்த மாற்றத்தை எப்படிச் செய்கிறது என்பதை அது வெளிப்படையாக எழுதி வைத்திருப்பதே. 2010-இல் பிரான்சின் திபோ துப்ளெஸி தொடங்கிய இந்தத் தளத்தில் விளம்பரமும் இல்லை, கட்டணமும் இல்லை. நிரல் முழுவதும் எவரும் படிக்கத் திறந்து கிடக்கிறது. ஸ்டாக்ஃபிஷின் 50 விழுக்காட்டுக் கணக்கிலிருந்து வேறான அதன் சொந்தச் சூத்திரப்படி +1.00 என்றால் வெற்றி வாய்ப்பு சுமார் 59 விழுக்காடு, +3.00 என்றால் 75, +5.00 என்றால் 86, +8.00 என்றால் 95. பத்துச் சிப்பாய்க்கு மேல் எவ்வளவு இருந்தாலும் பத்தாகவே கொள்ளப்படும். இப்போது +8.00 நிலையில் இருப்பவர் ஒரு நகர்வில் +5.00-க்கு இறங்கினால் அவர் இழப்பது ஏறத்தாழ 9 விழுக்காட்டுப் புள்ளிகள், +1.00 நிலையில் இருப்பவர் −2.00-க்கு இறங்கினால் இழப்பது ஏறத்தாழ 27. இருவரும் இழந்தது 300 சென்டிபான்தான் என்றாலும், முதல் நகர்வுக்குச் சுமார் 67 விழுக்காடும் இரண்டாவதற்குச் சுமார் 29 விழுக்காடும் துல்லிய மதிப்பெண்ணாகக் கிடைக்கும். வாய்ப்பு 5 புள்ளி சரிந்தால் சிறு பிழை, 10 சரிந்தால் பிழை, 15 சரிந்தால் பெரும் பிழையான பிளண்டர் என்று லிச்செஸ் குறிக்கிறது; ஆகவே முன்னது சிறு பிழை, பின்னது பிளண்டர். நகர்வை ஆடியவர் யார், அவருடைய வலிமையைக் காட்டும் ரேட்டிங் எண் என்ன என்பதை இந்தக் கணக்கு பார்ப்பதில்லை. தொடக்க நிலை மாணவருக்கும் கிராண்ட்மாஸ்டருக்கும் ஒரே அளவுகோல்.

செஸ்.காம் வேறு வழியில் போகிறது. அங்கே நகர்வுகளுக்குப் பிரில்லியன்ட், கிரேட், பெஸ்ட், எக்ஸலன்ட், குட் என்று தொடங்கி பிளண்டர் வரை பட்டங்கள் உண்டு; தொடக்க ஆட்ட நூல்களில் உள்ள நகர்வுக்குத் தனிக் குறி, கிடைத்த வாய்ப்பை நழுவவிட்டதற்குத் தனிக் குறி. எதிர்பார்க்கும் புள்ளி என்ற கணக்கே அடிப்படை: வெற்றிக்கு 1, தோல்விக்கு 0 என்று வைத்து, ஒரு நகர்வால் 0.02 வரை குறைந்தால் எக்ஸலன்ட், 0.05 வரை குட், 0.10 வரை சிறு பிழை, 0.20 வரை பிழை, அதற்கு மேல் பிளண்டர் என்று அத்தளம் விளக்கியிருக்கிறது. லிச்செஸிலிருந்து இது வேறுபடும் முக்கியமான இடம், ஆடுபவரின் ரேட்டிங்கும் கணக்கில் சேர்வதுதான். உயர்ந்த ரேட்டிங் உள்ளவர் +2.00 நிலையைப் பெரும்பாலும் வென்றுவிடுவார், தொடக்க நிலையில் உள்ளவர் அதே நிலையைக் கோட்டைவிடவும் கூடும் என்பதால், ஒரே நகர்வு இருவருக்கும் ஒரே பட்டத்தைப் பெற்றாக வேண்டியதில்லை.

இது மாணவருக்கு இரு வகையில் படும். தன் தகுதிக்கு ஏற்ற அளவுகோல் என்பது நல்லது. ஐந்து நகர்வுக்குப் பின் கிடைக்கும் நுண்ணிய மேன்மையைத் தவறவிட்டதற்காக ஒரு பத்து வயதுப் பிள்ளையைத் திட்டுவதில் பயனில்லை. ஆனால் பட்டம் எப்படி வந்தது என்பதை அவரால் கணக்கிட்டுச் சரிபார்க்க முடியாது. பிரில்லியன்ட் குறிக்கு உரிய நிபந்தனைகள் தோராயமாகத் தெரிந்தவையே: காயைத் துறக்கும் நல்ல நகர்வாக இருக்க வேண்டும், அதன் பிறகு நிலை மோசமாக இருக்கக் கூடாது, அதை ஆடாவிட்டாலும் எளிதாக வென்றிருப்பார் என்ற நிலையிலும் இருக்கக் கூடாது. ரேட்டிங் குறைந்தவர்களுக்கு இந்த நிபந்தனைகள் தளர்த்தப்படுகின்றன. காய் துறக்காமல், ராஜாவை ஒரு கட்டம் ஒதுக்கி எதிரியின் தாக்குதலை முளையிலேயே கிள்ளிய நகர்வுக்கு, அதைக் கண்டுபிடிக்க எத்தனை நிமிடம் தவித்திருந்தாலும், அந்தக் குறி வராது. பிள்ளைகள் பிரில்லியன்ட் எண்ணிக்கைக்காகக் காய்களைத் துறக்கத் தொடங்குவதைப் பார்த்தவர்களுக்கு இந்த எச்சரிக்கை மிகையாகத் தோன்றாது.

துல்லிய விழுக்காட்டைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் ஊர்ப் பெற்றோர் முதலில் கேட்பது அதைத்தான். செஸ்.காம் தன் துல்லியக் கணக்கைத் திருத்தியமைத்தபோது, பள்ளி மதிப்பெண்ணைப் போல உணரும்படி அந்த எண்ணை அமைக்க முயன்றதாகவே சொன்னது. அந்த முயற்சி சென்னையில் அளவுக்கு மீறி வெற்றி பெற்றிருக்கிறது. 92 வந்தால் வீட்டில் பாராட்டு, 71 வந்தால் விசாரணை. உண்மையில் இரு தளங்களின் விழுக்காடுகளையும் ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாது. லிச்செஸ், நிலை எந்த அளவுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது என்பதற்கேற்ப எடை கொடுத்த ஒரு சராசரியையும், ஒரே ஒரு மோசமான நகர்வுகூட மொத்தத்தைக் கீழே இழுத்துவிடும் இசைச் சராசரியையும் எடுத்து, இரண்டுக்கும் நடுவைச் சொல்கிறது. செஸ்.காம் கணக்கு அதனுடையது.

ஒரே தளத்துக்குள்கூட ஓர் ஆட்டத்தின் விழுக்காட்டை இன்னொன்றோடு ஒப்பிடுவது பல நேரம் பொருளற்றது. பதினைந்து நகர்வில் காய்களை மாற்றிக்கொண்டு சமன் செய்த ஆட்டம் 98 காட்டலாம். இரு ராஜாக்களும் திறந்தவெளியில் நிற்க ஐம்பது நகர்வு போராடி வென்ற ஆட்டம் 80-ஐத் தாண்டாமல் போகலாம். ஸ்லோவேனியாவைச் சேர்ந்த மாத்தே குயிட், இவான் பிராட்கோ ஆகியோர் 2006-இல் உலக சாம்பியன்களின் ஆட்டங்களை என்ஜினைக் கொண்டு அளந்து, சராசரி இழப்பு மிகக் குறைவாக இருந்தவர் கபபிளாங்கா என்று கண்டபோது, அவர் ஆடிய நிலைகள் மற்றவர்களுடையதைவிட எளிமையானவையா என்பதையும் சேர்த்தே ஆராய்ந்தார்கள். ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்ட அந்தக் கவனத்தை, தளம் தரும் ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு நாம் எடுத்துக்கொள்வதில்லை.

மூன்றாவது வழி, என்ஜினை நாமே இயக்குவது. ஸ்டாக்ஃபிஷ் இலவசம், அதை இயக்கிக் காட்டும் மென்பொருள்களிலும் ஸ்கிட், அரீனா, நிப்லர் போன்றவை இலவசம். ஜெர்மனியின் செஸ்பேஸ் நிறுவனம் விற்கும் மென்பொருள் தொழில்முறை ஆட்டக்காரர்களின் கருவி. அதன் உண்மையான பலம் ஆட்டத் தரவுத்தளத்தில்தான் இருக்கிறது, விலையும் அதற்கேற்றபடி. விண்டோஸ் கணினியும் வேண்டும். பள்ளி மாணவர் ஒருவருக்கு இது உடனே தேவைப்படும் என்று நான் நினைக்கவில்லை.

இந்த வழியில் பட்டங்கள் வராது. எண்களும் வரிசைகளும் மட்டுமே வரும். அதுவே இதன் பயன். முதலாவதாக, ஆழத்தை நாமே கூட்டலாம். தளங்கள் ஒரு நிலைக்கு இவ்வளவுதான் என்று வரையறுத்த அளவே தேடுகின்றன. ஆழம் 16-இல் பிழையென்று தெரிந்த நகர்வு ஆழம் 30-இல் சரியானதாக மாறுவதும், மறுதலையாக நடப்பதும் உண்டு. இரண்டாவதாக, ஒரே நேரத்தில் மூன்று அல்லது நான்கு சிறந்த நகர்வுகளைக் காட்டச் சொல்லலாம். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடைவெளி 0.10 என்றால் எதை ஆடியிருந்தாலும் பாதகமில்லை, இடைவெளி 3.00 என்றால் அங்கே ஒரே ஒரு நகர்வுதான் ஆட்டத்தைக் காத்திருக்கிறது. ஆட்டத்தில் எந்த இடத்தில் நேரம் செலவழித்திருக்க வேண்டும் என்பதை இந்த இடைவெளி சொல்வதைப் போல எந்தப் பட்டமும் சொல்வதில்லை. மூன்றாவதாக, ஒற்றை எண்ணுக்குப் பதில் ஆயிரத்துக்கு எத்தனை வெற்றி, எத்தனை சமன், எத்தனை தோல்வி என்று பிரித்துக் காட்டும்படி ஸ்டாக்ஃபிஷை அமைக்கலாம். 0.00 என்று காட்டும் இரு நிலைகளில் ஒன்று உயிரற்ற சமனாகவும், மற்றது கத்திமுனையில் நிற்பதாகவும் இருக்கக்கூடும். மே மாத வெயிலில் மடிக்கணினி சூடேறி விசிறி அலறுவது ஒன்றுதான் இதில் சொல்லத்தக்க இடைஞ்சல். நாலு நிலைகளை மட்டும் ஆழமாகப் பார்த்தால் அதுவும் இருக்காது.

0.00 எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதற்கு, சென்னைக்காரர்கள் மறக்க முடியாத ஆட்டம் ஒன்று இருக்கிறது. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன் போட்டியின் 14-ஆவது ஆட்டத்தில், கறுப்புக் காய்களோடு ஆடிய குகேஷிடம் ஒரு சிப்பாய் மட்டும் கூடுதலாக இருந்தது. ஒவ்வொரு பக்கமும் ஒரு யானை, ஒரு பிஷப். எல்லாச் சிப்பாய்களும் பலகையின் ஒரே ஓரத்தில் இருந்ததால் சரியாக ஆடினால் சமன் என்பதே என்ஜின்களின் கணக்கு. ஆனால் அந்த நிலையில் முயற்சி செய்யக்கூடியவர் குகேஷ் மட்டுமே. எதிரே இருந்த நடப்புச் சாம்பியன் டிங் லிரென் ஒவ்வொரு முறையும் தற்காத்தாக வேண்டும். 55-ஆவது நகர்வில் டிங் தன் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்து மாற்றிக்கொள்ளச் சொன்னார். யானைகள் மாறிய உடனேயே குகேஷ் பிஷப்புகளையும் மாற்றிக்கொள்ள வைத்து, தோல்வி உறுதியான சிப்பாய் முடிவாட்டத்துக்கு அவரைத் தள்ளிவிட்டார். நேரலையைப் பார்த்தவர்களுக்கு மதிப்பீட்டுப் பட்டை ஒரே நகர்வில் சரிந்தது தெரிந்திருக்கும். அதற்கு முன் பல மணி நேரம் ஒருவர் மட்டும் சுமந்த பாரம் அந்தப் பட்டையில் எங்குமே தெரியவில்லை. அலசல் அறிக்கை இந்த ஆட்டத்தில் டிங்குக்கு ஒரு பிளண்டர் குறியைப் போடும், குகேஷுக்கு நல்ல துல்லியத்தைக் கொடுக்கும். சமன் என்று தெரிந்தும் விடாமல் ஆடியதற்கு அதில் கட்டம் இல்லை.

இந்தக் குறையை ஓரளவு நிரப்ப முயலும் என்ஜின் ஒன்று இருக்கிறது. டொராண்டோ, கார்னெல் பல்கலைக்கழகங்களும் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவும் சேர்ந்து 2020-இல் வெளியிட்ட மாயா, லிச்செஸில் மனிதர்கள் ஆடிய ஆட்டங்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டது. சிறந்த நகர்வைத் தேடாமல், 1100 முதல் 1900 வரையிலான ரேட்டிங் கொண்ட ஒருவர் அந்த நிலையில் எதை ஆடுவார் என்று ஊகிப்பதே அதன் வேலை. ஸ்டாக்ஃபிஷ் பிளண்டர் என்று சொல்லும் நகர்வை மாயாவும் எதிர்பார்த்தது என்றால், அது அந்தத் தரத்தில் எல்லோரும் விழும் பள்ளம். மாயாவும் எதிர்பார்க்கவில்லை என்றால், அது அந்த மாணவருக்கே உரிய கவனக்குறைவாக இருக்கக்கூடும். ஆர்வமுள்ளவர்களுக்கு நல்ல துணைக் கருவி. முதல் கருவியாக வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

இனிப் பயிற்சியாளர். இங்கே சென்னைக்கு வேறு எந்த ஊருக்கும் இல்லாத வசதி உண்டு. இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டரான மானுவேல் ஆரோன் காலத்திலிருந்து, சோவியத் பண்பாட்டு மையத்தில் இயங்கிய தால் செஸ் கிளப்பும், அங்கே சிறுவனாக ஆடிய ஆனந்த் 1988-இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டரானதும், அதன்பின் வந்த தலைமுறைகளும் சேர்ந்து, நல்ல பயிற்சியாளர்களைப் பல பகுதிகளிலும் கிடைக்கச் செய்திருக்கின்றன. குகேஷின் பயிற்சியாளராக இருந்த விஷ்ணு பிரசன்னா, அந்தச் சிறுவன் கிராண்ட்மாஸ்டர் ஆகும் வரை பெரும்பாலும் என்ஜினைத் தொடவிடாமல் பயிற்றுவித்ததைப் பொதுவெளியில் பேசியிருக்கிறார். எல்லோருக்கும் இது பொருந்தும் என்று சொல்ல முடியாது. அப்படிப் பயிற்றுவிக்க அன்றாடம் உடனிருக்கும் ஆசிரியரும் அசாதாரணமான மாணவரும் வேண்டும். ஆனாலும் என்ஜின் இல்லாமல் அலசிய ஆட்டம் குறைபட்ட ஆட்டம் என்ற எண்ணத்துக்கு அது தக்க பதில்.

பயிற்சியாளரிடம் கிடைப்பது, என்ஜின் எந்தக் காலத்திலும் கேட்காத கேள்வி: இதை ஏன் ஆடினாய்? மாணவர் குதிரையை ஓரத்துக்கு நகர்த்தியதால் 0.80 குறைந்தது என்று என்ஜின் சொல்லும். எதிரியின் பிஷப்பைக் கண்டு பயந்து நகர்த்தினாரா, திட்டம் எதுவும் தோன்றாமல் நகர்த்தினாரா, கடிகாரத்தைப் பார்த்துப் பதறினாரா என்பது மூன்று வேறு நோய்கள், மூன்றுக்கும் வேறு வேறு மருந்து. அதே நேரம் பயிற்சியாளர்களிலும் ஒரு வகையினர், மாணவரின் ஆட்டத்தைத் தளத்தில் ஏற்றி, சிவப்புக் குறி வந்த இடங்களை உரக்கப் படித்துக் காட்டிவிட்டு அதற்கு மணிக்கணக்கில் கட்டணம் வாங்குகிறார்கள். அப்படிப்பட்டவரிடம் சேர்வதைவிட லிச்செஸே மேல். சேர்ப்பதற்கு முன் ஒரு வகுப்பில் உடனிருந்து, அவர் முதலில் கேள்வி கேட்கிறாரா, திரையைப் பார்க்கிறாரா என்று கவனித்தாலே தெரிந்துவிடும்.

ஆக, யாருக்கு எது? உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் ரேட்டிங் இன்னும் கிடைக்காத, அல்லது 2024 மார்ச்சிலிருந்து அடித்தள ரேட்டிங்காக இருக்கும் 1400-க்கு அருகில் நிற்கும் மாணவருக்கு லிச்செஸ் போதும். சிறு பிழைகளை முழுவதுமாக ஒதுக்கிவிட்டு பிளண்டர்களை மட்டும் பார்க்க வேண்டும். அந்த நிலைகளை மீண்டும் வைத்து நம்மையே சரியான நகர்வைக் கண்டுபிடிக்கச் சொல்லும் பயிற்சி வசதி அத்தளத்திலேயே இருக்கிறது, அதுவே பெரும் பயன். பிள்ளைக்குப் பட்டங்களும் விளக்க வாசகங்களும் உற்சாகம் தருமென்றால், செஸ்.காம் இலவசக் கணக்கில் நாளொன்றுக்கு அனுமதிக்கும் அளவிலான அலசலே தாராளம். சந்தாவுக்கு வேறு காரணங்கள் இருக்கலாம், பாடங்களும் புதிர்களும் நன்றாகவே இருக்கின்றன. ஆட்ட அலசலுக்காக மட்டும் சந்தா கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தப் பணம் சேர்ந்து பயிற்சியாளருக்குப் போவது நல்லது.

1400-க்கும் 1900-க்கும் இடைப்பட்டவர்கள் தாங்கள் ஆடிய கிளாசிக்கல் ஆட்டங்களை முதலில் என்ஜின் இல்லாமல், தாளில், எங்கே தயங்கினேன், எதைப் பார்த்தேன், எதிரி எதை ஆடுவார் என்று நினைத்தேன் என்று எழுதிவிட வேண்டும். ஆடிய அன்றே எழுதுவது நல்லது. இரண்டு நாள் போனால் நினைவு என்ஜினுக்கு ஏற்றபடி வளைந்துவிடும். அதன் பிறகு லிச்செஸிலோ சொந்தக் கணினியிலோ ஸ்டாக்ஃபிஷை மூன்று வரிசைகள் காட்டும்படி இயக்கி, தாம் எழுதியதும் என்ஜின் சொல்வதும் முரண்படும் இடங்களை மட்டும் பயிற்சியாளரிடம் எடுத்துச் செல்லலாம். ஒரு போட்டியின் எல்லா ஆட்டங்களுக்கும் சேர்த்து இப்படிப் பத்துப் பன்னிரண்டு நிலைகள் தேறும். ஒரு மணி நேர வகுப்புக்கு அது சரியான அளவு. 1900-க்கு மேல் உள்ளவர்களுக்குத் தொடக்க ஆட்டத் தயாரிப்பும் எதிரிகளின் ஆட்டங்களைத் தேடுவதும் சேர்ந்துகொள்வதால் தரவுத்தள மென்பொருளுக்கான செலவு அப்போதுதான் நியாயமாகிறது.

மின்சார ரயிலில் தாம்பரத்திலிருந்து பூங்கா நிலையம் வரும் வரை கைப்பேசியில் ஆடித் தீர்க்கும் மூன்று நிமிட ஆட்டங்களை இவை எதிலும் போட்டு அலச வேண்டியதில்லை. தொடக்க ஆட்டத்தில் எங்கே வழி தவறியது என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடலாம்.